விழாமல் நின்ற தூங்குமூஞ்சி

ஆடிப்பெருக்குக்கு மறுநாள் பகல் பதினொன்றரை மணிக்கு, பூரணம் காம்பவுண்டில் பட்டுப்போய் நின்ற தூங்குமூஞ்சி மரம் விழத் தொடங்கியது. பாதி தூரம் விழுந்த பிறகு, வெட்டுவதற்கான அனுமதி இன்னும் வரவில்லை என்பது ஞாபகத்துக்கு வந்து, ஞானசுந்தரி வீட்டு மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவருக்கு ஒரு சாண் மேலே அப்படியே நின்றுவிட்டது. கயிறில்லை, முட்டில்லை, தாங்கிப்பிடிக்க இன்னொரு கிளைகூட இல்லை. மூன்று பேர் கைகோத்தால்தான் கட்டிப்பிடிக்க முடிகிற அந்தத் தடித்த மரம், வேரில் பாதியை மண்ணுக்கு வெளியே காட்டிக்கொண்டு, காற்றில் சாய்ந்து கிடந்தது.

சங்கச் செயலாளர் கோதண்டபாணி ஏணி போட்டு ஏறி, மரத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு தென்னந்துடைப்பத்தை இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் எடுத்துப் பார்த்தார். மின்வாரியத்தில் முப்பது வருஷம் மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர் அவர், எதையும் கண்ணால் பார்த்தால்தான் எழுதிக்கொள்வார். "முட்டலைம்மா. சுத்தமா ஒரு சாண் இருக்கு," என்று இறங்கி வந்தார். அது ஏன் நின்றது என்று அந்தக் காம்பவுண்டில் யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. மனு போட்டிருக்கிறது, பதில் வரவில்லை, மரம் காத்திருக்கிறது, அவ்வளவுதான்.

பூரணம் காம்பவுண்டு என்றால் பன்னிரண்டு வீடுகள், எதிரெதிராக இரண்டு வரிசை, நடுவில் பொது இடம், எல்லாருக்கும் ஒரே இரும்புக் கேட். வீடு அவரவருக்கு, மண் எல்லாருக்கும். அந்தப் பொது மண்ணில் கேட்டை ஒட்டி ஒரு வேம்பு, கோடியில், ஞானசுந்தரியின் இரண்டு அறை வீட்டுக்குப் பக்கத்தில் இந்தத் தூங்குமூஞ்சி. வேம்பு தழைத்துச் செழித்து நின்றது. அதன் நிழலில்தான் பன்னிரண்டு வீட்டுப் பெண்களும் கீரை ஆய்ந்தார்கள், பேன் பார்த்தார்கள், சண்டை போட்டார்கள், சண்டையைத் தீர்த்தும்கொண்டார்கள். தூங்குமூஞ்சியோ வண்டு துளைத்து இரண்டு வருஷமாக ஒரு இலை விடவில்லை. அதை வெட்ட அனுமதி கேட்டு, மரம் விழ ஆரம்பிப்பதற்கு ஏழு மாதம் முன்பே, தை மாதத்தில் மனு கொடுத்தாகிவிட்டது.

மரம் நின்ற முதல் நாள் எல்லாரும் தெருவில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாம் நாள் பால் காய்ச்ச வேண்டுமே என்று உள்ளே போனார்கள். மூன்றாம் நாள் நாலாம் வீட்டு ரஹ்மத் பீவி, வெயில் நன்றாகப் படுகிறதே என்று, வெளியே தெரிந்த வேர்மேல் ஈரத்துணியை விரித்தாள். பத்தாம் நாள் கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவன் தலையைக் குனிந்து மரத்துக்கு அடியில் நுழைந்து போகப் பழகிக்கொண்டான், புரட்டாசியில் தலை குனியாமல் வருகிற ஆள் காம்பவுண்டுக்குப் புதுசு என்று கண்டுபிடித்துவிடலாம் என்ற நிலைமை வந்தது, ஐப்பசி மழையில் காய்ந்த பட்டையில் காளான் பூத்தபோது அது குழம்புக்கு ஆகுமா ஆகாதா என்று வாக்குவாதம் நடந்தது. எதற்கும் பழகிவிடுகிற ஜனங்கள் நாம். தலைக்கு மேல் ஒன்று தொங்கினாலும் அதில் கொடி கட்டித் துணி போடத் தெரிந்தவர்கள், அதனால்தான் தொங்கவிடுகிறவர்களுக்கு இத்தனை வசதி.

ஞானசுந்தரியால் மட்டும் பழக முடியவில்லை. ரேஷன் கடையில் எடை போடுகிறவள், புருஷன் போய் ஏழு வருஷம், ஒரே மகள் நர்மதா கட்டிக்கொடுத்த பக்கத்து ஊரில் இரண்டு மாதக் கர்ப்பம். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது அவள் யாரோடும் விவாதிக்கத் தயாராக இல்லாத விஷயம். முன்னறையில் ஃபேனுக்குப் பக்கத்தில் தொட்டில் கட்டுகிற கொக்கி நர்மதா பிறந்தபோது போட்டது. அந்தக் கொக்கிக்கு நேர் மேலே, கான்கிரீட்டையும் கைப்பிடிச் சுவரையும் தாண்டி ஒரு சாணில், மரம்.

நகரத்தில் மரங்களுக்கு அனுமதி கொடுக்கிற அலுவலகத்துக்குப் பசுமைப் பிரிவு என்று பெயர். அதன் வாசலில் ஒரு செடிகூடக் கிடையாது, எல்லாம் தார் ஊற்றி வண்டி நிறுத்தக் கோடு போட்டிருந்தது. சுவரில் மட்டும் பெரிய ஆலமரப் படம் ஒன்று கண்ணாடிக்குள் தொங்கியது. அதற்குக் கீழே மனு வாங்குகிற அதிகாரி சபாரத்தினம் உட்கார்ந்திருந்தார்.

"விழுந்துடுச்சா, விழலையா? அதைச் சொல்லுங்க முதல்ல," என்றார்.

"பாதி விழுந்துருக்கு சார்."

"பாதின்னு இந்த ஃபார்ம்ல ஒரு கட்டம் கிடையாதும்மா. நிக்கிற மரம்னா வெட்ட அனுமதி. விழுந்த மரம்னா அப்புறப்படுத்த மனு. விழுந்த பிறகு வாங்க."

"விழுந்தா என் வீடு இருக்காது சார்."

"அதுக்கு வேற பிரிவு."

இதைச் சொல்லும்போது அவர் குரலில் கிண்டல் இல்லை, கோபம் இல்லை. நிஜமாகவே வேறு பிரிவு ஒன்று மாடியில் இருந்தது. ஞானசுந்தரிக்கு அதுதான் பொறுக்கவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பாள்.

"நிக்கிறதாவே வச்சுக்கங்க சார். நேர்ல வந்து ஒரு தடவை பாருங்க."

"பாக்கணும்னா மனு முழுசா இருக்கணும். பொது இடத்து மரம், பன்னிரண்டு உரிமையாளரும் கையெழுத்துப் போடணும். பதினொண்ணுதான் இருக்கு. ஒரு கையெழுத்து குறையுது. வந்த பிறகு பார்க்கலாம்."

குறைந்த கையெழுத்து ஒன்பதாம் வீட்டுச் சாகுலுடையது. அவன் மஸ்கட்டில் இருந்தான். அன்றைக்கே வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட்டு, அதைக் கையில் பிடித்தபடி தன்னையும் படமெடுத்து ஃபோனில் அனுப்பினான். "படம் செல்லாது, ஒரிஜினல் வேணும்," என்றார் சபாரத்தினம். ஒரிஜினல் வந்தது, தேதி இல்லை என்று திரும்பிப் போனது, தேதியோடு மறுபடி வந்தது. அதற்குள் நர்மதாவுக்கு ஐந்தாம் மாதம் ஆகியிருந்தது. மரம் அசையவில்லை. இத்தனை யோக்கியமான மரத்தை ஞானசுந்தரி பார்த்ததில்லை, அந்த யோக்கியதையில் கடுகளவு எதிர்ப்பக்கத்தில் இருந்திருந்தால் அவள் ஏன் அலைகிறாள்?

கார்த்திகையில் பன்னிரண்டு கையெழுத்தோடு போனபோது மனுவைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும் என்றார்கள். சபாரத்தினம் மரத்தின் பெயர் கேட்டார். "தூங்குமூஞ்சி," என்றாள். அவர் திரையில் மேலும் கீழும் தேடினார்.

"அந்தப் பேர்ல மரம் இல்லையேம்மா."

"நாப்பது வருஷமா நிக்குது சார்."

"லிஸ்ட்ல இல்லைங்கறேன். இங்க இருபத்தாறு மரம் இருக்கு. இதுல ஒண்ணத் தொட்டாத்தான் அடுத்த பக்கம் திறக்கும். உங்க காம்பவுண்டுல வேற என்ன மரம் இருக்கு?"

"கேட்டுகிட்ட ஒரு வேம்பு."

"அதையே போட்டுக்கலாம். பேருதானே. உள்ள விவரம் எழுதும்போது சரி பண்ணிக்கலாம்."

ஞானசுந்தரி ஒரு கணம் தயங்கினாள். பின்னால் வரிசை நின்றது, கடையைத் திறக்க நேரமாகிவிட்டது, பத்து மாதம் அலைந்த கால் வலித்தது. "சரிங்க சார்," என்றாள். இந்த இரண்டு சொல்லை அப்புறம் எத்தனையோ நாள் அவள் தனக்குள் சொல்லிச் சொல்லித் தன்னையே அறைந்துகொண்டாள்.

அன்று மதியம் ரேஷன் கடையில், பாத்திரம் தேய்த்துத் தேய்த்துக் கைரேகை அழிந்த ஒருத்தி, விரலை மெஷினில் வைத்து வைத்து எடுத்தாள். "ரேகை விழலைம்மா, நாளைக்கு..." என்று ஆரம்பித்த ஞானசுந்தரிக்குத் தன் வாயிலிருந்து சபாரத்தினத்தின் குரல் வருவது காதில் விழுந்தது. பாதியில் நிறுத்தி, தன் முந்தானையால் அந்த விரலைத் துடைத்து, ஏழாவது தடவையில் ரேகை விழுகிற வரைக்கும் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

மார்கழியில் பசுமைப் பிரிவுக்கு எதிரே கட்டிக்கொண்டிருந்த கல்யாண மண்டபத்துக்காரர்கள், சாலையோரம் வரிசையாக நின்ற ஒன்பது புங்கை மரங்களை ஒரே ஞாயிற்றுக்கிழமை காலை டிபனுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில் மெஷின் வைத்து அறுத்து லாரியில் ஏற்றிவிட்டார்கள். அவையும் நல்ல மரங்கள்தான், ஆனால் அவற்றிடம் யாரும் மனு பற்றிப் பேசியதே இல்லை, அதனால் அறுத்ததும் விழுந்துவிட்டன. ஞானசுந்தரி போய்க் கேட்டதற்கு, "அது எங்க கவனத்துக்கு வரலையே," என்றார் சபாரத்தினம். ஒன்பது மரத்தின் வெளிச்சம் மொத்தமும் அவருடைய ஜன்னல் வழியாக உள்ளே அடித்துக்கொண்டிருந்தது, அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அதைச் சொன்னார்.

மாசி பிறந்தது. ஒன்பதாம் மாதம் சம்பந்தி வீட்டில் வளைகாப்பு நடந்தது. ஐந்து வகைச் சோறும் தட்டில் வளையலுமாகப் போய், மகளை அழைத்து வர நின்ற ஞானசுந்தரியிடம் சம்பந்தியம்மா செல்லக்கனி கூடம் நிறையச் சொந்தக்காரர்கள் கேட்கும்படி சொன்னாள்: "குத்தமா எடுத்துக்காதீங்க மதினி. தலைக்கு மேல மரம் தொங்குற வீட்டுக்குப் பச்சைப்புள்ளைய எப்படி அனுப்புறது? பிரசவம் இங்கயே இருக்கட்டும்."

அதில் குற்றம் எடுக்க ஒன்றும் இல்லை. ஞானசுந்தரி மகள் இல்லாமல், வெறும் தட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள். வழியில் நர்மதா ஃபோன் செய்தாள். "அம்மா, இங்க எல்லாரும் நல்லாத்தான் பாத்துக்கறாங்க. ஆனா வெந்நி வேணும்னு கேக்கக்கூடக் கூச்சமா இருக்கும்மா. நான் பையக் கட்டி வச்சுருக்கேன். மரம் என்னாச்சுன்னு மட்டும் சொல்லு, வந்துருவேன்." ஞானசுந்தரி பஸ்ஸென்று பாராமல் விம்மி அழுதாள்.

அடுத்த வாரம் புதன்கிழமை அனுமதி வந்தது. முத்திரை, கையெழுத்து, எண், தேதி எல்லாம் சுத்தமாக இருந்தன. பிளாஸ்டிக் கவரில் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து, இரும்புக் கேட்டைத் தள்ளி, பூரணம் காம்பவுண்டு மண்ணில் ஞானசுந்தரி காலை வைத்தாள்.

வேம்பு படுத்தது.

சத்தமே இல்லை. கறந்து முடித்த பசு படுப்பதைப் போல முதலில் ஒரு பக்கம் சாய்ந்து, பிறகு மெதுவாக, யார் மேலும் படாமல், ஒரு கூடையைக்கூட நசுக்காமல், பூவும் பச்சையுமாகத் தரையோடு தரையாகப் படுத்துவிட்டது. காக்கைக் கூட்டைக் கடைசிக் கிளை பத்திரமாக ரஹ்மத் பீவி வீட்டுப் படியில் இறக்கி வைத்தது. கீரை ஆய்ந்துகொண்டிருந்த பெண்களின் தலையில் பட்டென்று வெயில் அடித்தது. கோடியில் தூங்குமூஞ்சி அசையாமல் அந்தரத்திலேயே கிடந்தது.

ஞானசுந்தரி கவரைக் கிழித்துத் தாளைப் படித்தாள். மனு பூரணம் காம்பவுண்டு, மரம் வேம்பு, எண்ணிக்கை ஒன்று. அவ்வளவு கட்டுப்பாடான மரங்கள், தாளில் எந்தப் பெயர் இருந்ததோ அந்தப் பெயருக்குரிய மரம் விழுந்தது.

"பேர் திருத்தம்னு ஒரு மனு போடுவோம்மா," என்றார் கோதண்டபாணி தழுதழுத்து. "மறுபடி பன்னிரண்டு கையெழுத்து..."

படுத்துக் கிடந்த வேம்பை ஞானசுந்தரி கையால் காட்டினாள்.

"நல்லா இருந்ததைக் கொன்னுட்டோம்ணே," என்றாள். "நானுந்தான். 'சரிங்க சார்'னு சொன்னவ நாந்தான். இனிமே யாருகிட்டயும் சரின்னு சொல்றதா இல்லை. பேனா குடுங்க."

அனுமதித் தாளை அவள் திருப்பினாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. ரேஷன் கடையில் வருஷக்கணக்காகப் பாமாயிலும் பருப்பும் எழுதிய கையால் குண்டு குண்டாக எழுதினாள்: 'தூங்குமூஞ்சி மரத்துக்கு, இந்த மண்ணில் குடியிருக்கிற நாங்கள் எழுதுவது. நீ நாற்பது வருஷம் எங்களுக்கு நிழல் கொடுத்தாய். ஏழு மாதம் எங்களுக்காக வலியோடு நின்றாய். போதும். வேம்பு படுத்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில், வீடுகள் மேல் படாமல், நீ விழலாம்.' கோதண்டபாணி படித்துப் பார்த்து, எங்கே தப்பு என்று தேடிக் கிடைக்காமல், முதல் கையெழுத்தைப் போட்டார். ரஹ்மத் பீவி போட்டாள். பன்னிரண்டாம் வீட்டில் எழுதத் தெரியாதவர் கட்டை விரலை வைத்தார். சாகுலுக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்கள்.

"விழட்டும்க்கா," என்று மஸ்கட்டிலிருந்து அவன் குரல் வந்தது. "அதுல நான் ஊஞ்சல் ஆடிருக்கேன். பதமா விழச் சொல்லுங்க."

எல்லாரும் சேர்ந்து ஞானசுந்தரி வீட்டைக் காலி செய்தார்கள். கட்டில், கிரைண்டர், அரிசிப் பானை, பரணில் இருந்த தொட்டில் சேலை எல்லாம் தெருவுக்கு வந்தன. கேட்டுக்கு வெளியே ஜனங்கள் நின்றார்கள். ஞானசுந்தரி மட்டும் மரத்துக்கு எதிரே நின்று, எழுதியதைச் சத்தமாக வாசித்தாள். முடிவில், எழுதாத ஒன்றையும் சேர்த்துக்கொண்டாள்: "மன்னிச்சுக்க."

மரம் ஒரு பெருமூச்சு விட்டது. அந்தக் காற்றில் ஏழு மாதத் தூசி எல்லார் முகத்திலும் படிந்தது. பிறகு அது அந்தரத்தில் இருந்தபடியே மெல்லத் திரும்பியது. வீட்டை விட்டு விலகி, இரண்டு வரிசைக்கும் நடுவில் தன்னை நீளவாக்கில் சரிசெய்துகொண்டு, வேம்புக்குப் பக்கத்தில் இறங்கிப் படுத்தது. மொட்டைமாடிச் சுவரில் ஒரு கீறல் இல்லை. ஞானசுந்தரி புடவையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளுக்கு ஃபோன் செய்தாள். "விழுந்துருச்சு. கிளம்பி வா," என்றாள்.

சாமான்களை உள்ளே வைத்துவிட்டு, வாசல் நிலையில் செருக அவள் வேப்பங்கொத்து ஒடித்துக்கொண்டிருந்தபோது கேட்டை அடைத்துக்கொண்டு ஒரு ஜீப் வந்து நின்றது. சபாரத்தினம் இறங்கினார். பதின்மூன்று மாதம் இந்த இடத்துக்கு வழி தெரியாதவர், இன்றைக்கு யாரிடமும் வழி கேட்காமல் வந்துவிட்டார்.

"அனுமதி இல்லாம ஒரு மரத்தைச் சாய்ச்சிருக்கீங்க. புகார் வந்திருக்கு," என்று ஒரு நோட்டீஸை நீட்டினார். "காரணம் கேட்டு நோட்டீஸ். வாங்கிக்கிட்டதுக்குக் கையெழுத்துப் போடுங்க."

ஞானசுந்தரி வேப்பங்கொத்தைக் கீழே வைக்கவில்லை. "எந்த மரம் சார்?"

அவர் தாளைப் பார்த்தார். "தூங்குமூஞ்சி."

"அந்தப் பேர்ல மரம் இல்லையேன்னீங்களே?"

காம்பவுண்டே வந்து அவளுக்குப் பின்னால் நின்றுவிட்டது. சபாரத்தினம் இருமினார். "அதை அங்க வந்து பேசிக்கலாம். இப்ப கையெழுத்துப் போடுங்க."

"பொது இடத்து மரம் சார். நான் ஒருத்தி போட்டாச் செல்லுமா? பன்னிரண்டு உரிமையாளரும் போடணும். ஒருத்தர் மஸ்கட்ல இருக்காரு. படம் செல்லாது, ஒரிஜினல் வேணும். தேதி போடலைன்னா திருப்பி அனுப்புவோம். வர மூணு மாசம் ஆகும். ஒரு கையெழுத்து குறையுது சார், வந்த பிறகு பார்க்கலாம்."

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கிற மனநிலையில் அங்கே யாரும் இல்லை. மாசி வெயில் நேராக அவர் வழுக்கையில் இறங்கியது, அவர் கைக்குட்டையை எடுத்துத் துடைத்துக்கொண்டு, ஒதுங்க இடம் தேடி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தார்.

"நிழல்ல உக்காந்து காத்துக்கிட்டிருங்கன்னு சொல்லலாம்னு பாத்தேன்," என்றாள் ஞானசுந்தரி, கையிலிருந்த கொத்தை அவருக்குக் காட்டி. "அதுக்குத்தான் நீங்க முத்திரை போட்டு அனுமதி குடுத்துட்டீங்களே."

தெருவில் ஆட்டோ ஹாரன் அடித்தது. ஜீப் வழியை மறித்துக்கொண்டு நின்றதால் உள்ளே வர முடியாமல், பின் சீட்டில் மடியில் பையை வைத்துக்கொண்டு, கை நிறைய வளையலோடு நர்மதா எட்டிப் பார்த்தாள்.

"வண்டியை எடுங்க சார்," என்றாள் ஞானசுந்தரி. "எம்பொண்ணு பிரசவத்துக்கு வந்திருக்கா."

சபாரத்தினம் போய் ஜீப்பை எடுத்தார். பூரணம் காம்பவுண்டு கேட்டுக்கொண்டதற்காக அந்த அலுவலகம் அன்றைக்கன்றே செய்துகொடுத்த காரியம் அது ஒன்றுதான்.